நீச்சல் குளத்தில் நீரோட்டம் குறைந்தால்: கோளாறு சக்‌ஷனிலா, டெலிவரியிலா?

மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வடிகட்டிய தண்ணீர் குளத்துக்குள் திரும்பும் துளையான, சுவரில் உள்ள இன்லெட் முன்னால் கையை நீட்டினால் தண்ணீர் முன்புபோல் கையைத் தள்ளாது. மேலே மிதக்கும் வேப்பிலை, மேல்மட்டக் குப்பையை உள்ளே இழுக்கும் ஸ்கிம்மரின் வாய்வரை வந்து, உள்ளே போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளில் படிக்கட்டின் மூலையில் கால் வழுக்கத் தொடங்கும். குளோரின் அளவாகப் போட்டும் பாசி பிடிக்கிறதே என்று தோன்றும். போட்ட குளோரினை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த நீரோட்டம்தான். அது குறைந்தால் மருந்து ஒரு பக்கம் தேங்கும், பாசி இன்னொரு பக்கம் வளரும்.

இப்படி ஆனதும் பலர் உடனே பேக்வாஷ் போடுகிறார்கள், அதாவது ஃபில்டருக்குள் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுகிறார்கள். அதில் சரியாகவில்லை என்றால் பம்பை மாற்றுகிறார்கள். கோளாறு ஃபில்டரில் இருந்தால்தான் பேக்வாஷ் உதவும். பம்பை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு, ஏனென்றால் பழைய பம்பை மடக்கிய அதே அடைப்பு புதிய பம்பையும் மடக்கும். தடை எந்தப் பக்கம் என்று முதலில் தெரிய வேண்டும், பிறகுதான் ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத் தேவையானவை ஏற்கெனவே உங்கள் பம்ப் அறையிலேயே இருக்கின்றன: பிரஷர் கேஜ், பம்பின் கண்ணாடி மூடி, ஃபில்டரில் தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடி.

தண்ணீர் போகும் வழி

குளத்துத் தண்ணீர் இரண்டு இடங்களில் வெளியேறுகிறது. ஒன்று, மேல்மட்டத்தில் சுவரோடு இருக்கும் ஸ்கிம்மர். இன்னொன்று, தரையில் ஆழமான இடத்தில் இருக்கும் மெயின் டிரெயின். இரண்டு குழாய்களும் தனித்தனி வால்வு வழியாக வந்து பம்பில் சேரும். பம்புக்கு முன்னால் உள்ள கிண்ணத்தில் ஒரு கூடை இருக்கும். முடி, இலை, பூச்சி எல்லாம் அதில் நின்றுவிடும். அதைத் தாண்டிய தண்ணீரை, பம்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் சுழற்றி ஃபில்டருக்குள் தள்ளும். ஃபில்டர் மணலில் வடிகட்டிய பிறகு, இருந்தால் ஹீட்டரையும் உப்பு குளோரினேட்டரையும் கடந்து, சுவர் இன்லெட் வழியாகக் குளத்துக்குத் திரும்பும்.

பம்புக்கு முன்னால் இருப்பதெல்லாம் சக்‌ஷன், பின்னால் இருப்பதெல்லாம் டெலிவரி. கிணற்று மோட்டார் பழக்கம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. சக்‌ஷன் பக்கம் தடை என்றால் பம்புக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. டெலிவரி பக்கம் தடை என்றால் தண்ணீர் கிடைக்கிறது, தள்ள வழியில்லை. வெளியே இரண்டும் ஒரே மாதிரி ‘தண்ணி கம்மியா வருது’ என்றுதான் தெரியும். கேஜில் மட்டும் நேர் எதிராகத் தெரியும்.

சரியான நீரோட்டம் என்பது எவ்வளவு?

எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்று ஒரு வீட்டுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 44.8 கன மீட்டர், ஏறக்குறைய 45,000 லிட்டர். வீட்டுக் குளத்தில் மொத்தத் தண்ணீரும் 6 முதல் 8 மணி நேரத்தில் ஒருமுறை ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 6 மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 7,500 லிட்டர், நிமிடத்துக்கு 125 லிட்டர். உங்கள் குளத்துக்கும் இதே கணக்கைப் போட்டு அந்த எண்ணை பம்ப் அறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்க எளிய வழி உண்டு. மல்டிபோர்ட் வால்வை ‘வேஸ்ட்’ நிலையில் வைத்து, வெளியேறும் குழாயை 200 லிட்டர் டிரம்மில் விட்டு, நிரம்பும் நேரத்தை போனில் பாருங்கள். நிமிடத்துக்கு 125 லிட்டர் என்றால் டிரம் 96 விநாடியில் நிரம்ப வேண்டும். ஃபில்டரைத் தாண்டாமல் தண்ணீர் நேராக வெளியே போவதால் இந்த அளவு சாதாரண ஓட்டத்தைவிடச் சற்று கூடுதலாகவே இருக்கும். எல்லாம் நன்றாக ஓடும் நாளில் ஒருமுறை அளந்து குறித்து வைத்தால், பிறகு சந்தேகம் வரும்போது ஒப்பிட அது கைகொடுக்கும். அன்றைக்குப் புதுப் பம்பில் 90 விநாடி, இன்றைக்கு 160 விநாடி என்றால் பம்பிலோ அதற்கு முன்னாலோ கோளாறு இருக்கிறது என்று ஃபில்டரைத் தொடாமலே சொல்லிவிடலாம்.

கேஜ் சொல்வது

மணல் ஃபில்டரின் தலையில், மல்டிபோர்ட் வால்வின் பக்கவாட்டில், சிறிய வட்டமான பிரஷர் கேஜ் இருக்கும். சிலவற்றில் பிஎஸ்ஐ, சிலவற்றில் பார், சிலவற்றில் கிலோ என்று குறித்திருக்கும். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, கிலோவும் ஏறத்தாழ அதே அளவுதான்.

நன்றாகப் பேக்வாஷ் போட்டு முடித்த உடனே கேஜ் காட்டும் அளவுதான் உங்கள் அடிப்படை அளவு. பல வீட்டுக் குளங்களில் அது 10 முதல் 15 பிஎஸ்ஐக்குள் இருக்கும். பக்கத்து வீட்டுக் குளத்தின் எண் உங்களுக்கு உதவாது. குழாயின் நீளம், வளைவுகள், பம்பின் திறன் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு குளத்துக்கும் ஓர் எண்ணைத் தரும். மார்க்கர் பேனாவால் கேஜ் கண்ணாடியிலேயே ஒரு கோடு போட்டு வைப்பது நல்லது.

நீரோட்டம் குறைந்திருக்கும்போது முள் அந்தக் கோட்டைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் தடை டெலிவரி பக்கம். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் சக்‌ஷன் பக்கம், அல்லது பம்புக்குள்ளேயே. முள் ஆடிக்கொண்டே இருந்தால் காற்று கலந்து வருகிறது.

இதை நம்புவதற்கு முன் கேஜ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மோட்டாரை நிறுத்தி, ஃபில்டரில் உள்ள காற்றை வெளியே விட்டதும் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வராமல் 8இலோ 12இலோ நின்றால் கேஜ் பழுது. கேஜுக்குப் போகும் சிறு துளையில் அழுக்கு அடைத்திருந்தாலும் இப்படி நிற்கும். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கேஜ் நெடுநாள் உழைக்காது. சில நூறு ரூபாய்ப் பொருள்தான், மாற்றிவிடலாம்.

இன்னொன்று: வேரியபிள் ஸ்பீடு பம்ப் வைத்திருப்பவர்கள் வேகத்தையும் கூடவே பார்க்க வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் ஓட்டமும் பாதியாகும், ஆனால் அழுத்தம் கால் பங்காகக் குறையும். இரவில் மெதுவான வேகத்தில் ஓடும்போது முள் கீழே கிடப்பது கோளாறு அல்ல. எப்போதும் ஒரே வேகத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

முள் கீழே இறங்கியிருந்தால்

முதலில் குளத்தின் நீர்மட்டம். ஸ்கிம்மர் வாயின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். கோடையில் ஆவியாகியும் பேக்வாஷில் போயும் மட்டம் இறங்கினால், ஸ்கிம்மர் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். உள்ளே சிறு சுழல் தெரியும். ஸ்கிம்மர் வாயில் உள்ள மடல் மேலே மாட்டிக்கொண்டு இறங்காமல் இருந்தாலும் அதே கதை. மடலை விரலால் இரண்டு முறை ஆட்டிப் பாருங்கள், தடையில்லாமல் ஆட வேண்டும்.

அடுத்து ஸ்கிம்மர் கூடை, அதன் பிறகு பம்பின் கூடை. மெயின் சுவிட்சை அணைத்து, ஸ்கிம்மர், மெயின் டிரெயின் வால்வுகளை மூடிவிட்டுத்தான் பம்ப் மூடியைத் திறக்க வேண்டும். பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது வால்வுகளை மூடாமல் திறந்தால் அறை முழுக்கத் தண்ணீர் கொட்டும். கூடையில் பார்வைக்கு இலை அதிகம் இல்லாவிட்டாலும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முடியும் சன்ஸ்கிரீன் எண்ணெயும் சேர்ந்து துளைகளின்மேல் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். கூடையில் விரிசல் இருந்தால் அதை அப்படியே திரும்பப் போடாதீர்கள். விரிசல் வழியாகப் போன குப்பை நேராக இம்பெல்லருக்குத்தான் போகும்.

கூடை சுத்தம், மட்டம் சரி, அப்படியும் ஓட்டம் இல்லை என்றால் கண்ணாடி மூடி வழியாக உள்ளே பாருங்கள். மோட்டார் ஓடும்போது கிண்ணம் முழுக்கத் தெளிந்த தண்ணீராக இருக்க வேண்டும். குமிழிகள் ஓயாமல் ஓடினாலோ, கிண்ணம் பாதிதான் நிரம்பினாலோ எங்கோ காற்று இழுக்கிறது. இளநீரில் போட்ட ஸ்ட்ராவில் ஊசித் துளை இருந்தால் என்னதான் உறிஞ்சினாலும் காற்றுதான் வாய்க்கு வரும். பம்புக்கும் அதே நிலைமை. சக்‌ஷன் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு என்பதால், ஓட்டை இருந்தாலும் மோட்டார் ஓடும்போது தண்ணீர் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். ‘எங்கும் லீக் இல்லையே’ என்று பலர் ஏமாறுவது இதனால்தான். பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் அறைகளில் மோட்டாரை நிறுத்தியதும் அதே ஓட்டையில் ஈரம் கசியும். அது நல்ல தடயம்.

காற்று நுழையும் இடங்களில் முதல் சந்தேகம் பம்ப் மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங். அதை வெளியே எடுத்து, பள்ளத்தில் ஒட்டியிருக்கும் மணலைத் துணியால் துடைத்து, விரிசலோ தட்டையாகிப்போன பகுதியோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரேயொரு மணல் துகள் போதும், குமிழி வருவதற்கு. சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகப் பூசி மாட்ட வேண்டும். வாசலின் வேண்டாம், பெட்ரோலியம் சேர்ந்த பொருள் பல ரப்பர்களை ஊதவைத்துவிடும். அடுத்தது கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெயின் பிளக், பிறகு யூனியன் (குழாயைக் கழற்றி மாட்டும் திருகு இணைப்பு), பிறகு வால்வுத் தண்டு, பிறகு பம்பில் திருகிய பிவிசி அடாப்டர். கடைசியில் சொன்னது அடிக்கடி விட்டுப்போகும். தண்ணீர் இல்லாமல் பம்ப் கொஞ்ச நேரம் வறண்டு ஓடியிருந்தால் உள்ளே சூடேறி அந்த பிவிசி திருகு சுருங்கிவிடும். எத்தனை முறை டெஃப்லான் டேப் சுற்றினாலும் அது பிடிக்காது, அடாப்டரையே மாற்ற வேண்டும்.

எந்த இணைப்பு என்று தெரியவில்லையா? மோட்டார் ஓடும்போது ஒவ்வோர் இணைப்பின்மேலும் ஷேவிங் நுரையைப் பூசுங்கள். காற்று இழுக்கும் இடத்தில் நுரை குழிவிழுந்து உள்ளே போகும். குவளையால் தண்ணீர் ஊற்றினாலும் சரி. ஊற்றும் நொடியில் குமிழி நின்றால் அந்த இடம்தான்.

குமிழியே இல்லை, ஆனால் பம்ப் கரகரவென்று சத்தம் போடுகிறது என்றால் சக்‌ஷன் குழாயில் அடைப்பு. பம்ப் கேட்கும் அளவுக்குத் தண்ணீர் வராததால் இம்பெல்லரின் வாயில் அழுத்தம் மிகவும் இறங்கி, தண்ணீரே ஆவிக் குமிழியாகி வெடிக்கிறது. இதை அப்படியே ஓடவிட்டால் இம்பெல்லர் அரித்துப்போகும். எந்தக் குழாய் என்று பிரித்துப் பார்க்க, மெயின் டிரெயின் வால்வை மூடி ஸ்கிம்மரை மட்டும் ஓடவிடுங்கள். பிறகு ஸ்கிம்மரை மூடி மெயின் டிரெயினை மட்டும். எதைத் தனியாகத் திறந்தால் சத்தம் கூடி முள் இறங்குகிறதோ அதில்தான் அடைப்பு. பால் வால்வின் கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல். பழைய கேட் வால்வு என்றால் கைப்பிடி சுற்றினாலும் உள்ளே தட்டு அறுந்து விழுந்து வழியை மறித்துக்கொண்டிருக்கலாம். எவ்வளவு திருகினாலும் ஓட்டத்தில் மாற்றமே இல்லை என்றால் அதைச் சந்தேகியுங்கள்.

இந்தச் சோதனையைக் குளத்தில் யாரும் இல்லாதபோது மட்டுமே செய்யுங்கள். ஸ்கிம்மரை மூடினால் பம்பின் முழு உறிஞ்சலும் தரையில் உள்ள டிரெயினுக்குப் போகும். அங்கே முடியோ கையோ உடலோ ஒட்டிக்கொண்டால் பெரியவராலும் பிடுங்க முடியாது. 2002இல் அமெரிக்காவில் விர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி ஒரு ஸ்பா தொட்டியின் டிரெயினில் இப்படிச் சிக்கி உயிரிழந்தாள். அவள் பெயராலேயே அந்த நாட்டில் 2007இல் சட்டம் வந்தது. பொதுக் குளங்களின் டிரெயின் மூடிகளுக்குப் பாதுகாப்பு விதி கட்டாயமானது. உங்கள் குளத்தின் டிரெயின் மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால், அதை மாற்றும்வரை குழந்தைகளை இறக்காதீர்கள். நீரோட்டமெல்லாம் அதற்குப் பிறகு.

அடைத்த குழாயைத் திறக்க, அதை பம்ப் அறையில் யூனியனில் கழற்றி, தோட்டக் குழாயைத் துணி சுற்றிச் செருகி, குளத்தை நோக்கி எதிர்த்திசையில் தண்ணீர் விடுங்கள். பெரும்பாலும் இலைக்கட்டு ஸ்கிம்மர் வழியாக வெளியே வந்துவிடும். கம்ப்ரஸர் வைத்துக் காற்று அடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. மண்ணுக்கு அடியில் உள்ள பிவிசி இணைப்பு விட்டுப்போனால் தளத்தை உடைக்க வேண்டியிருக்கும் என்பதால் அதைப் பயிற்சி உள்ளவரிடம் விடுவதே நல்லது. மெயின் டிரெயினைப் பார்ப்பதற்காகக் குளத்தைக் காலி செய்யலாமே என்று நினைத்தால், மழைக்காலத்தில் வேண்டாம். நிலத்தடி நீர் ஏறியிருக்கும் இடத்தில் காலிக் குளத்தை அடியிலிருந்து தண்ணீர் தூக்கி, தரையைப் பிளந்துவிடும்.

இம்பெல்லரில் மாட்டிய குப்பை

கிண்ணத்தில் தண்ணீர் முழுக்க இருக்கிறது, குமிழி இல்லை, கரகரப்பும் இல்லை, ஆனால் முள் 4இலோ 5இலோ படுத்திருக்கிறது. இது இம்பெல்லர் அடைப்பின் அடையாளம். நம் ஊர்க் குளங்களில் இதற்குக் காரணமான மரங்கள் தெரிந்தவைதான். புளிய மரத்தின் பொடி இலை கூடைத் துளையில் நழுவிப் போகும். கடற்கரைப் பக்கம் சவுக்கு ஊசி இலை செங்குத்தாக நுழைந்து உள்ளே குறுக்கே நிற்கும். இம்பெல்லரின் இறக்கைகளுக்கு இடையே இடைவெளி மிகச் சிறியது. ஊசி இலை நாலைந்து குறுக்கே நின்றால் அதில் முடி சுற்றும், முடியில் பொடி இலை சேரும், பிறகு வழி முழுக்க அடைபடும்.

ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரன்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் உள்ள எலெக்ட்ரீஷியன் இதை ஒரு நிமிடத்தில் உறுதிப்படுத்துவார். தண்ணீர் குறைவாகத் தள்ளும் பம்ப் கரன்ட்டும் குறைவாகவே எடுக்கும். பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரைவிட நன்றாகக் குறைந்திருந்தால் தண்ணீர் நகரவில்லை என்று அர்த்தம்.

சுத்தம் செய்ய மெயின் சுவிட்சை அணையுங்கள். ரிமோட், டைமர் இருந்தால் அதை நம்பாமல் எம்சிபியையே இறக்குங்கள். கூடையை எடுத்துவிட்டு, கிண்ணத்தின் உள்பக்கம் தெரியும் வட்டத் துளையில் விரலையோ நுனியை வளைத்த கம்பியையோ விட்டு, குப்பையை வெளியே இழுங்கள். உள்ளே தள்ளாதீர்கள். இப்படி வராவிட்டால் மோட்டாரை பம்ப் உடலோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, மோட்டாரை இம்பெல்லரோடு பின்னால் இழுக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது நடுவில் உள்ள பெரிய ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுவது பாதுகாப்பு.

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. லைனில் வேலை நடந்த பிறகோ, மீட்டர் பெட்டியில் ஒயரை மாற்றிய பிறகோ ஃபேஸ் வரிசை மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அப்போதும் பம்ப் தண்ணீர் தள்ளும், ஆனால் மிகவும் பலவீனமாக. சத்தத்தில் வித்தியாசமே தெரியாது. நேற்றுவரை நன்றாக ஓடியது, இன்று காலையில் திடீரென்று பாதியாகிவிட்டது என்றால் முதலில் மோட்டாரின் பின்பக்க விசிறி எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பாருங்கள். உடலில் அம்புக்குறி இருக்கும். மாறியிருந்தால் ஏதாவது இரண்டு ஃபேஸ் ஒயர்களை இடம் மாற்றினால் போதும். எலெக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிட வேலை. சில பம்புகளில் எதிர்த்திசையில் ஓடினால் இம்பெல்லர் தண்டிலிருந்தே கழன்றுவிடும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

முள் மேலே ஏறியிருந்தால்

இங்கேதான் பேக்வாஷுக்கு வேலை. ஆனால் அதற்கு முன் மல்டிபோர்ட் கைப்பிடியை வைத்து ஒரு சோதனை செய்தால் தடை எங்கே என்று துல்லியமாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் மோட்டாரை நிறுத்திய பிறகே கைப்பிடியை அழுத்தித் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் ஆரக்கால் வடிவ கேஸ்கெட் கிழியும். பிறகு பேக்வாஷ் குழாயில் எந்நேரமும் தண்ணீர் கசிந்து குளம் தானாக இறங்கும்.

முதலில் ‘ஃபில்டர்’ நிலையில் அழுத்தத்தையும் இன்லெட் ஓட்டத்தையும் பாருங்கள். அடுத்து ‘ரீசர்குலேட்’. இதில் தண்ணீர் மணலுக்குள் போகாமல் நேராகக் குளத்துக்குத் திரும்பும். இப்போது முள் நன்றாக இறங்கி, இன்லெட்டில் தண்ணீர் பாய்ந்து வந்தால் குற்றவாளி மணல்தான். ரீசர்குலேட்டிலும் முள் உயரத்திலேயே நின்றால் ‘வேஸ்ட்’ நிலைக்கு மாற்றுங்கள். வேஸ்ட்டில் தண்ணீர் வேகமாகக் கொட்டி முள் இறங்கினால் மணல் நிரபராதி; தடை ஃபில்டரிலிருந்து குளத்துக்குத் திரும்பும் வழியில் இருக்கிறது. வேஸ்ட்டிலும் ஓட்டம் சோர்வாக இருந்தால் பம்புக்கும் சக்‌ஷனுக்கும் திரும்பப் போங்கள்.

திரும்பும் வழி என்றால் பார்க்க வேண்டியவை குறைவு. யாரோ பாதி மூடிய ரிட்டர்ன் வால்வு, உப்பு குளோரினேட்டரின் தகடுகளில் படிந்த வெள்ளைச் சுண்ணாம்பு, மடல் மாட்டிக்கொண்ட செக் வால்வு (ஒருவழி வால்வு), இன்லெட்டின் கண்விழி போன்ற குமிழில் சிக்கிய கூழாங்கல் அல்லது ஓட்டுச் சில்லு. குளத்தில் டைல்ஸ் வேலை நடந்த பிறகு ஓட்டம் குறைந்திருந்தால் முதலில் இன்லெட்டுகளைக் கழற்றிப் பாருங்கள்.

மணல்தான் காரணம் என்றால் பேக்வாஷ் போடுங்கள். வெளியேறும் தண்ணீரைக் காட்டும் சிறு கண்ணாடியில் முதலில் தெளிவாக வரும், பிறகு தேநீர் நிறமாகும், பிறகு மீண்டும் தெளியும். அப்படித் தெளியும்வரை, பொதுவாக 2 முதல் 3 நிமிடம். அதன்பின் 30 விநாடியிலிருந்து 1 நிமிடம் ‘ரின்ஸ்’; இதைத் தவிர்த்தால் குழாயில் நிற்கும் கலங்கல் குளத்துக்குள் போகும். நிமிடத்துக்கு 125 லிட்டர் கணக்கில் 3 நிமிடத்தில் 375 லிட்டர் போகும். மேலே சொன்ன 8க்கு 4 குளத்தில் மட்டம் 12 மி.மீ. இறங்கும். பயப்பட வேண்டிய அளவல்ல, ஆனால் முடித்ததும் ஸ்கிம்மர் மட்டத்தைச் சரிபாருங்கள்.

பேக்வாஷ் போட்டும் முள் பழைய கோட்டுக்கு இறங்கவில்லை, அல்லது இறங்கி இரண்டே நாளில் ஏறிவிடுகிறது என்றால் மணலே கெட்டுவிட்டது. பேக்வாஷ் வேலை செய்ய, கீழிருந்து வரும் தண்ணீர் மணல் படுகையைத் தூக்கிக் கலைக்க வேண்டும். 500 மி.மீ. விட்ட ஃபில்டருக்கு அதற்கு மணிக்கு 8,000 முதல் 10,000 லிட்டர் வரை தேவை. இம்பெல்லர் அரைகுறையாக அடைத்த பம்பால் இதைத் தர முடியாது. அழுக்கு அசையாமல் கிடக்கும், ஓட்டம் இன்னும் குறையும், அடுத்த பேக்வாஷ் இன்னும் சோர்வாகும். ஆகவே இரண்டு பக்கமும் கோளாறு இருந்தால் சக்‌ஷனையும் பம்பையும் முதலில் சரிசெய்துவிட்டு, பிறகு ஃபில்டருக்கு வாருங்கள்.

நம் ஊரில் மணலைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, போர்வெல் தண்ணீரின் கடினம். கால்சியம் கடினத்தன்மை 400 பிபிஎம்மைத் தாண்டி, பிஎச்சும் ஏறினால் சுண்ணாம்பு மணல் துகள்களை ஒட்டவைத்துக் கட்டியாக்கும். தண்ணீர் கட்டியைத் துளைத்துப் போகாது. ஒரு ஓரத்தில் வழி குடைந்துகொண்டு வடிகட்டாமலே போய்விடும். இன்னொன்று படிகாரம். கலங்கிய குளத்தில் படிகாரம் கரைத்து ஊற்றினால் அழுக்கு திரண்டு தரையில் படியும். படிந்ததை வாக்குவம் செய்யும்போது வால்வை ‘வேஸ்ட்’ நிலையில் வைத்து வெளியே விட வேண்டும். ‘ஃபில்டர்’ நிலையில் உறிஞ்சினால் அந்தக் கொழகொழப்பு மணலின் மேல்பரப்பில் பசைபோல் பூசிக்கொள்ளும். சில மணி நேரத்திலேயே முள் ஏறிவிடும். பாசியைக் கொன்ற மறுநாளும், வடகிழக்குப் பருவமழையில் தோட்டத்துச் சேறு இறங்கிய மறுநாளும் ஒரே நாளில் இரண்டு பேக்வாஷ் தேவைப்படலாம். அது மணலின் குற்றமல்ல.

ஃபில்டர் தலையைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். நல்ல மணல் விரலிடுக்கில் உதிரும். மேலே ஓடுபோல் இறுகியிருந்தாலோ, எலுமிச்சை அளவு மண் உருண்டைகள் கிடைத்தாலோ கழுவியோ மாற்றியோ ஆக வேண்டும். மேல் ஓடு மட்டும் என்றால் 5 செ.மீ. மணலை அள்ளி எறிந்து புது மணல் போட்டால் போதும். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஃபில்டர் கிளீனர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டு பேக்வாஷ் போடலாம். அமிலம் கலந்த கிளீனரைப் பயன்படுத்தினால் குளோரின் டப்பாவை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

நன்றாகப் பராமரித்த மணல் 5 முதல் 7 ஆண்டு உழைக்கும். மாற்றும்போது ஆற்று மணலோ எம்-சாண்டோ கூடாது, 0.4 முதல் 0.8 மி.மீ. அளவுள்ள சிலிக்கா மணல்தான் வேண்டும். பழைய மணலை அள்ளும்போது மண்வெட்டி வேண்டாம், அடியில் விரல்கள்போல் விரிந்திருக்கும் பிளாஸ்டிக் லேட்டரல்கள் உடையும். காலியானதும் தொட்டியைப் பாதிவரை தண்ணீரால் நிரப்பி, நடுக்குழாயின் வாயை டேப்பால் மூடி, மணலை மெல்லக் கொட்டுங்கள். தண்ணீர் இருப்பதால் மணல் மெதுவாக இறங்கும், லேட்டரல் தப்பிக்கும். மேலே மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்க வேண்டும், பேக்வாஷில் மணல் எழும்ப இடம் வேண்டுமே. டேப்பை எடுக்க மறக்காதீர்கள். முதல் ஓட்டம் பேக்வாஷ், பிறகு ரின்ஸ், அதன் பிறகே ஃபில்டர். இன்லெட் அடியில் குளத்துத் தரையில் மணல் குவிந்தால் லேட்டரல் உடைந்திருக்கிறது.

சுவரில் மாட்டும் பைப்லெஸ் யூனிட் வைத்திருப்பவர்களுக்கு மணல் கிடையாது. அதில் கார்ட்ரிட்ஜையோ பையையோ எடுத்து மடிப்பு மடிப்பாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். கழுவிய பிறகும் ஓட்டம் திரும்பாவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

எல்லாம் சுத்தமாக இருந்தும் ஓட்டம் போதவில்லை என்றால்

கேஜ் அடிப்படைக் கோட்டில் இருக்கிறது, கூடையும் மணலும் சுத்தம், காற்றும் இல்லை. குளம் கட்டிய நாளிலிருந்தே ஓட்டம் இவ்வளவுதான் என்றால் அது அமைப்பின் குறை. 1 ஹெச்பிக்குப் பதில் 2 ஹெச்பி போடுங்கள் என்று ஆலோசனை வரும். குழாயைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். சக்‌ஷன் குழாயில் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 1.5 மீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அந்த வேகத்தில் 50 மி.மீ. பிவிசி குழாய் ஒன்று மணிக்கு 8,000 லிட்டர் அளவுக்குத்தான் தரும். 63 மி.மீ. என்றால் ஏறக்குறைய 13,000. ஒற்றை 50 மி.மீ. லைனில் பெரிய பம்பை மாட்டினால் அது கேட்கும் தண்ணீர் வராது. கரகரப்புச் சத்தமும் மின்கட்டணமும்தான் கூடும். டிரெயினில் உறிஞ்சலும் ஆபத்தான அளவுக்கு ஏறும். 500 மி.மீ. ஃபில்டருக்குள் அளவுக்கு மீறித் தள்ளினால் அழுக்கு மணலைத் துளைத்துக் குளத்துக்கே திரும்பும்.

இப்படிப்பட்ட குளத்தில் பம்பைத் தொடாமல் ஓடும் நேரத்தை நீட்டுவதே முதல் வழி. மணிக்கு 5,500 லிட்டர்தான் வருகிறது என்றால் 45,000 லிட்டருக்கு 8 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடட்டும். ஸ்கிம்மருக்கும் மெயின் டிரெயினுக்கும் தனித்தனி 63 மி.மீ. லைன் இழுப்பதுதான் நிரந்தரத் தீர்வு. குளத்தைச் சுற்றியுள்ள தளத்தை எப்போதாவது பெயர்க்க நேர்ந்தால், புதுக் கல் பதிப்பதற்கு முன் அந்த வேலையைச் செய்துகொள்ளுங்கள்.